செம்பூரில் வாஷிங் மெஷின் நுரை தள்ளுகிறது: சாஃப்ட்னர் வாங்கத்தான் வேண்டுமா?

வேளச்சேரியிலிருந்து வந்தவள்:
வணக்கம். பத்து ஆண்டுகள் சென்னையின் போர் தண்ணீரோடு மல்லுக்கட்டிவிட்டு, மூன்று மாதங்களுக்கு முன் மும்பையின் செம்பூருக்குக் குடிவந்தோம். அங்கே ஓடிய அதே ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின்தான் இங்கும் ஓடுகிறது. வழக்கம்போல் இரண்டு மூடி பவுடர் போட்டால், கதவுக் கண்ணாடி மறையும் அளவுக்கு நுரை ஏறி, மெஷின் தானாகவே அலசலை நீட்டிக்கொண்டு போகிறது. காய்ந்த துண்டை மறுபடி நனைத்தால் அதிலும் நுரை வருகிறது. கீசரைத் திறந்தால் காலையில் முதல் இரண்டு குவளை நீர் செம்மண் கரைத்ததுபோல் இருக்கிறது. பார்க்க வந்த மெக்கானிக், இந்த ஊர்த் தண்ணீர் மெஷினுக்கு ஆகாது என்று சொல்லி, நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி ஒன்றும் மாதாமாதம் உப்பு நீக்கும் பவுடரும் வாங்கச் சொல்கிறார். டிஷ்வாஷரும் வாங்கும் எண்ணம் இருப்பதால், அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மாட்டுங்கா பழையவர்:
அம்மா, தயவுசெய்து வாங்காதீர்கள். மும்பைக்கு வரும் மாநகராட்சி நீர் பாத்சா, தான்சா, வைதர்ணா, மோடக் சாகர் போன்ற நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. சஹ்யாத்ரி மலையின் கருங்கல் பாறைமேல் விழுந்து ஓடிவரும் மழைநீர் என்பதால், சுண்ணாம்பு அதில் கரைய அதிகம் வாய்ப்பில்லை. சாஃப்ட்னர் செய்வதெல்லாம் நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவதுதான். பிடிப்பதற்கே அவ்வளவாக ஒன்றும் இல்லாத நீரில் அதற்கு என்ன வேலை? குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் கடினத்தன்மைக்கு, அதாவது இந்தக் கால்சியம், மக்னீசியம் அளவுக்கு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. ஏரி நீர் அதற்கு வெகு கீழே நிற்கும்.

உங்கள் சிக்கல் பவுடரின் அளவு. சென்னையில் போட்டதில் ஒரு பங்கை நீரின் கடினத்தன்மையே தின்றுவிட்டது; மீதிதான் அழுக்குக்குப் போனது. இங்கே தின்ன ஆளில்லை, ஆகவே அத்தனையும் நுரையாக நிற்கிறது. அந்த நுரை மெத்தைபோல் நடுவில் நின்று துணியோடு துணியை உரசவிடாது. பம்பும் நீரை ஒழுங்காக இழுக்க முடியாமல் திணறும். ஃப்ரண்ட் லோடுக்கென்று விற்கும் பவுடரில் அரை மூடிக்கும் குறைவாகத் தொடங்கிப் பாருங்கள். துண்டுகளைப் பவுடரே இல்லாமல் இரண்டு முறை ஓட்டினால் தேங்கியது வெளியேறும். மெஷினுக்குள் நீரைச் சுடவைக்கும் ஹீட்டரில் சென்னை உப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) போட்டு ஒரே ஒருமுறை வெந்நீரில் காலியாக ஓட்டுங்கள். அதன்பின் மாதாமாதம் பவுடர் வேண்டியதில்லை.

முலுண்டு இல்லத்தரசன்:
பெரியவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மென்னீர், அதாவது கடினத்தன்மை குறைந்த நீர், என்றால் எல்லாம் நன்மை என்று எண்ணிவிட வேண்டாம். கடின நீர் குழாயின் உட்புறத்தில் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு விட்டு இரும்பைச் சற்றுக் காக்கும். மென்னீரில் அந்தப் பூச்சு உருவாவதில்லை. காலையில் முதலில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். அதிலும் செம்மை இருந்தால் குற்றம் கட்டடத்தின் பழைய இரும்புக் குழாயுடையது. கீசரில் மட்டும் வந்தால், தொட்டிக்குள் உள்ள மக்னீசியக் கம்பியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தானே அரிபட வேண்டிய கம்பி அது. விரல் தடிமனில் இருந்தது நடுக்கம்பி தெரியும்படி கரைந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்து ஆண்டுகள் யாரும் அதைத் திறக்கவில்லை. கடைசியில் தொட்டியே ஒழுகியது.

சயான் வாசகி:
டிஷ்வாஷரில் நீரின் கடினத்தன்மைக்கென ஓர் அமைப்பு உண்டு. அதைக் கடைசிப் படிக்கு இறக்குங்கள். பல மாடல்களில் அப்படி வைத்தால் உப்பே போட வேண்டாம். சோப்பையும் குறைத்தே போடுங்கள். என் கண்ணாடி டம்ளர்கள் ஓராண்டில் பனி படர்ந்ததுபோல் மங்கின. உப்புப் படிவு என்று நினைத்து வினிகரில் ஊறவைத்தேன், போகவில்லை. படிவாக இருந்தால் கரைந்திருக்கும். மென்னீரில் அதிக சோப்பும் அதிக சூடும் சேர்ந்து கண்ணாடியையே அரித்துவிட்டன, அது மீளாது.

இன்னொன்று: மே மாதத்தில் உங்கள் சொசைட்டி (குடியிருப்புச் சங்கம்) டேங்கர் வாங்குமா என்று கேளுங்கள். அது கிணற்று நீராகவோ போர் நீராகவோ இருந்தால் மேற்சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும். அந்த வாரங்களில் ஒரு புட்டியில் நீரோடு சாதாரணக் குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரைக்குப் பதில் தயிர் திரிந்ததுபோல் மிதந்தால் கடின நீர். துணிப் பவுடரைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அது எந்த நீரிலும் நுரைக்கும்.

வேளச்சேரியிலிருந்து வந்தவள்:
அனைவருக்கும் நன்றி. இன்று ஒரு மேசைக்கரண்டி பவுடரோடு ஓட்டினேன். கண்ணாடியின் கால்பாகம்கூட நுரை ஏறவில்லை, மெஷினும் சொன்ன நேரத்திலேயே நின்றது. கிண்ணத்தில் பிடித்த பச்சைத் தண்ணீரிலும் செம்மை தெரிந்தது. ஆகவே கீசரை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சொசைட்டிச் செயலாளரிடம் அந்தக் கிண்ணத்தோடு போகிறேன்.