ரெயூனியனில் அரைகுறை பிரெஞ்சோடு வேலை தேடுகிறேன், எங்கிருந்து தொடங்குவது?

காரைக்கால்_நர்ஸ் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் காரைக்கால். கல்யாணமாகி இப்போது பிரான்சின் ரெயூனியன் தீவில், சேந்தாந்த்ரே என்ற ஊரில் இருக்கிறோம். கணவர் குடும்பம் 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம், அதனால் அவருக்குக் காகிதப் பிரச்சினை எதுவும் இல்லை. எனக்கும் கார்த் த செஜூர் (குடியிருப்பு அட்டை) வந்துவிட்டது, அதில் வேலை செய்ய அனுமதி உண்டு என்றே அச்சிட்டிருக்கிறது.

நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஊரில் வார்டில் வேலை பார்த்தவள். பாண்டியில் அலியான்ஸ் பிரெஞ்சு வகுப்பில் ஏ1, அதாவது தொடக்க நிலை, வரை படித்தேன். கடையில் சாமான் வாங்குவேன், பையனுக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் சொல்வேன், ஆனால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் வேகமாகப் பேசினால் பாதிக்கு மேல் பிடிபடுவதில்லை, போனில் என்றால் சுத்தமாக முடியவில்லை. இதில் தெருவில் எல்லாரும் பேசுவது கிரியோல். பிரெஞ்சையே இன்னும் பிடிக்கவில்லை, அதற்குள் இன்னொன்றா என்று மலைப்பாக இருக்கிறது.

என் நர்சிங் படிப்பு இங்கே செல்லுமா? செல்லாவிட்டால் இப்போதைக்கு என்ன வேலைக்குப் போகலாம்? கோயிலில் பழக்கமான ஒரு குடும்பம் தங்கள் வீட்டுப் பாட்டியைப் பகலில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், பணம் கையில் கொடுப்பார்களாம். போகலாமா வேண்டாமா? வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு ஒத்துவரவில்லை, நானாகச் சம்பாதித்துப் பழகியவள்.

பாண்டி_அக்கா:

தங்கச்சி, முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். இந்திய நர்சிங் பட்டத்தை வைத்துக்கொண்டு பிரான்சில் நேராக நர்ஸ் வேலைக்குச் சேர முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய நர்சிங் பட்டம் இங்கே தானாகச் செல்லாது, ரெயூனியனும் பிரான்சின் மாவட்டம்தான், 1946இலிருந்து, அதே சட்டம்தான். நர்சிங் பள்ளியில் சேருவதற்கான தேர்வை எழுதி, உள்ளே போய், ஏற்கெனவே படித்ததற்காகச் சில பாடங்களில் விலக்குக் கேட்கலாம். சேன் தெனியிலும் சேன் பியேரிலும் பள்ளி இருக்கிறது. ஆனால் தேர்வும் பாடமும் பிரெஞ்சில். இன்று உன்னிடம் இருக்கும் பிரெஞ்சுக்கு அது எட்டாது. அதற்காக அந்த வழியையே மூடிவிடாதே, கொஞ்சம் தள்ளி வை.

நடுவில் ஒரு படி உண்டு: எத் சுவாஞாந்த், அதாவது நர்சுக்குக் கீழே நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது, எழுப்பி உட்காரவைப்பது எல்லாம் செய்பவர். முழுப் பயிற்சி 44 வாரம். சேர எழுத்துத் தேர்வு கிடையாது, விண்ணப்பமும் நேர்முகமும்தான். நான் அப்படித்தான் வந்தேன், இப்போது தெற்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். அந்த நேர்முகத்தில் உன் வார்டு அனுபவத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் அதை நீயே பிரெஞ்சில் சொல்ல வேண்டும்.

இன்றைக்கே போகக்கூடியது அதற்கும் கீழே. மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் அறையைச் சுத்தம் செய்து, சாப்பாட்டுத் தட்டு கொடுத்து, படுக்கை மாற்றும் வேலைக்கு ஆஷ் என்பார்கள். டிப்ளோமா தேவையில்லை. நர்சாக இருந்தவளுக்குத் துடைப்பம் பிடிக்க மனசு வராதுதான், எனக்குத் தெரியும். ஆனால் நாள் முழுக்கக் காதில் விழுவது மருத்துவமனைப் பிரெஞ்சு. அதை எந்த வகுப்பும் தராது.

பிரான்ஸ் திரவாய் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய். முன்பு 'போல் அம்ப்ளுவா' என்ற பெயரில் இருந்ததுதான், 2024 ஜனவரியிலிருந்து இந்தப் பெயர். அங்கே உன் ஆலோசகரிடம் இம்மெர்சியோன் வேண்டும் என்று கேள். ஒரு மாதத்துக்கு மிகாமல் ஏதாவது நிறுவனத்தில் போய் வேலை செய்து காட்டலாம். சம்பளம் கிடையாது, ஆனால் முறையான ஒப்பந்தம், விபத்துக் காப்பீடு எல்லாம் உண்டு. வாயால் சொல்ல முடியாததைக் கையால் காட்டலாம் இல்லையா? நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல கதவு எனக்குத் தெரியாது. முதல் சந்திப்புக்குக் கணவரைக் கூட்டிப் போ, பேசுவது நீயாக இரு.

பாட்டி விஷயத்தில் இரண்டு பேச்சு இல்லை. கையில் காசு என்றால் போகாதே.

தெற்குச்_சமையல்:

அக்கா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். நான் இங்கே வந்த புதிதில் ஒரு உணவகத்தில் சமையலறையில் நின்றேன், பாதிச் சம்பளம் சீட்டில், மீதி கையில். கையில் எண்ணி வாங்கும்போது நன்றாகத்தான் இருக்கும். எண்ணெய் கொட்டிக் கால் வெந்து வீட்டில் கிடந்தபோது காப்பீட்டுப் பணம் அந்தப் பாதிச் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் வந்தது. கேட்டால், உன் சீட்டில் இவ்வளவுதானே இருக்கிறது என்கிறார்கள்.

சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் இங்கேயும் பாரிசிலும் ஒன்றுதான், 2026 ஜனவரி நிலவரப்படி மணிக்கு 12.02 யூரோ, சமூகக் காப்பீட்டுப் பிடித்தத்துக்கு முன். ரெயூனியனில் கொஞ்சம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சமையலறை வேலையில் மொழி அவ்வளவாகத் தேவைப்படாது, உண்மைதான். ஆனால் அங்கே பேச்சும் வளராது, அதையும் சொல்ல வேண்டும். தட்டுக் கழுவும் இடத்தில் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்கும்.

காரைக்கால்_நர்ஸ்:

ரொம்ப நன்றி. அந்தக் குடும்பம் கெட்டவர்கள் இல்லை அக்கா, எழுத்து வேலை எல்லாம் தொல்லை என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான். பாட்டிக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, நீதான் நர்ஸ் ஆச்சே, ஊசியும் நீயே போட்டுவிடு என்கிறார்கள். எப்படி மறுப்பது என்று தெரியவில்லை.

பாண்டி_அக்கா:

ஊசியைத் தொடாதே! இங்கே நர்சாகப் பதிவு செய்யாதவர் நர்ஸ் வேலை செய்வது குற்றம். பாட்டிக்கு ஏதாவது ஆனால் அந்தக் குடும்பமே உன் பக்கம் நிற்க முடியாது. டாக்டர் சீட்டு எழுதினால் இன்சுலின் போட வீட்டுக்கே நர்ஸ் வருவார், பணத்தை சேக்யூ (அரசு மருத்துவக் காப்பீடு) கொடுக்கும். இதை அவர்களிடம் சொல், அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

எழுத்து வேலை தொல்லை என்பதற்கும் பதில் உண்டு. சேசு என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் இணையத்தில் ஒருமுறை பதிந்துவிட்டு மாதம் எத்தனை மணி நேரம் வேலை செய்தாய் என்று போட்டால் போதும், சம்பளச் சீட்டு தானாக உனக்கு வரும். வீட்டு உதவிக்குச் செலவழித்ததில் ஒரு வரம்புக்குள் பாதி அவர்களுக்கு வரிச்சலுகையாகத் திரும்ப வரும். வரி கட்டாத குடும்பத்துக்கும் அந்தப் பாதி பணமாகவே வரும். இதை முதலில் சொல், மற்றதை அப்புறம் பேசு. முறையாகப் பதிந்தால் அந்தப் பாட்டி வேலையே உனக்கு நல்ல தொடக்கம், நான் வேண்டாம் என்றது கறுப்பில் செய்வதைத்தான். சமைத்துக் கொடு, குளிக்க உதவு, பக்கத்தில் உட்கார்ந்து பேசு.

மல்பார்_974:

வணக்கம். நான் இங்கேயே பிறந்தவன். முன்னோர்கள் 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள். தமிழை நான் சங்கத்து வகுப்பில் வளர்ந்த பிறகு படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து வருகிற பலர் கோயிலில் இத்தனை மல்பார் (இங்கே தமிழ் வம்சாவளியினரை அப்படித்தான் சொல்வார்கள்) இருக்கிறோமே, தமிழிலேயே ஏதாவது வழி பிறக்கும் என்று நம்புகிறார்கள். எங்களுக்குத் தமிழ் சாமி மொழி. காவடிக்கும் தீமிதிக்கும் பாடுவோம், கண்ணீர் வரும், ஆனால் உங்களோடு வேலை பற்றித் தமிழில் பேச எங்களில் மிகச் சிலரால்தான் முடியும். இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள், அப்போது ஏமாற்றம் இருக்காது. ஆனால் உங்களிடம் பேசவே எங்கள் பெண்களுக்கு ஆசை. கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் இடத்தில் போய் உட்காருங்கள், அவர்களே உங்களுக்குக் கிரியோல் சொல்லித் தருவார்கள்.

அக்காவிடம் ஒன்று கேட்கிறேன், முதியோர் இல்லத்தில் பெரியவர்கள் பிரெஞ்சிலா பேசுகிறார்கள்? என் பாட்டி கடைசி வரை கிரியோல்தான். நர்ஸ் பிரெஞ்சில் கேட்டால் தலையாட்டுவார், வலியைச் சொல்ல மாட்டார். 'கொமான் இ லே?' என்று நலம் கேட்டு, 'ஊசா இ ஃபே மால்?' என்று எங்கே வலிக்கிறது என்று கேட்டால் போதும், முகமே மாறிவிடும். நேர்முகத்துக்குப் பிரெஞ்சு வேண்டும், கட்டில் பக்கத்தில் கிரியோல் வேண்டும். அதனால் மலைக்காதீர்கள். கிரியோல் சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து வந்தவைதான், ஒன்றைக் கற்றால் இன்னொன்றிலும் பாதி வந்துவிடும்.

துறைமுகம்_ரவுண்டு:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஆஷ் வேலை, வீட்டு வேலை என்று உள்ளே போனவர்கள் பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். எட்டு மணி நேரம் நின்று, வீட்டில் பிள்ளையையும் பார்த்த பிறகு யார் புத்தகத்தைத் திறப்பது? கணவர் சம்பளத்தில் வீடு ஓடுகிறது என்றால் பி1 என்ற நடு நிலை வரை முழு மூச்சாகப் படித்துவிட்டு இறங்குங்கள். சட்டமும் இறுகிவிட்டது. 2024 ஜனவரிச் சட்டப்படி 2026 தொடக்கத்திலிருந்து பல ஆண்டு செல்லும் குடியிருப்பு அட்டைக்கு ஏ2, பத்து ஆண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 கேட்கிறார்கள். எப்படியும் படித்தே ஆக வேண்டும். ஒஃபி என்ற குடியேற்ற அலுவலகத்தில் ஒப்பந்தம் போடும்போது மொழித் தேர்வு வைத்து இலவசப் பயிற்சி தருவார்கள், அதை ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள்.

இன்னொன்று, கார். கிழக்கிலிருந்து சேன் தெனிக்கு மஞ்சள் பஸ் வரும், சரி, ஆனால் முதியோர் இல்லத்தில் காலை ஷிஃப்ட் விடியுமுன் தொடங்கும். இந்திய லைசென்ஸ் குடியிருப்பு தொடங்கி ஓராண்டுதான் செல்லும். பிரெஞ்சு லைசென்ஸ் எடுக்கும் வேலையை இப்போதே ஆரம்பியுங்கள். சாலை விதிப் புத்தகமும் பிரெஞ்சுப் பாடம்தான்.

பாண்டி_அக்கா:

மல்பார் தம்பி கேட்டது சரி, எங்கள் இல்லத்திலும் கிரியோல்தான். மூளை மங்கியவர்களுக்குப் பிரெஞ்சு முதலில் போகிறது, கிரியோல் கடைசி வரை நிற்கிறது.

துறைமுகம் தம்பி சொல்கிற பயம் நியாயம், நின்றுவிட்டவர்களை நானும் பார்க்கிறேன். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து பி1 முடித்தவர்களையும் பார்க்கிறேன், காகிதத்தில் பி1, போன் அடித்தால் கணவரிடம் நீட்டுகிறார்கள். தங்கச்சிக்கு இப்போதே போன்தான் பயம். பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு என்று போகட்டும். அந்தப் பாட்டி வீடு அதற்குத் தோதாகவே இருக்கிறது, வாரத்துக்கு இத்தனை மணி என்று சேசுவில் எழுதிக்கொண்டு, மத்தியானம் வகுப்புக்குப் போகலாம். எத் சுவாஞாந்த் பயிற்சிக்கு விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று பள்ளியில் இப்போதே கேட்டு நாள் குறித்துக்கொள், அந்த நாள் கண்ணுக்கு எதிரில் இருந்தால் நின்றுவிட மாட்டாய்.

காரைக்கால்_நர்ஸ்:

அண்ணன், அக்கா எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்தக் குடும்பத்தைப் பார்ப்பேன், வரிச்சலுகை விஷயத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் பிரான்ஸ் திரவாய் வழிதான். அக்கா, இம்மெர்சியோன் கேட்க நானே ஒரு முதியோர் இல்லத்துக்கு நேரில் போய்ப் பேசலாமா, அல்லது ஆலோசகர் மூலமாகத்தான் போக வேண்டுமா?

பாண்டி_அக்கா:

நேரில் போ. காலை பத்து மணிக்கு மேல் போ, சாப்பாட்டு நேரத்தில் போகாதே. உள்ளே நுழைந்ததும் எதிரில் யார் வந்தாலும் போன்ஜூர் சொல், சொல்லாமல் பேச்சை ஆரம்பித்தால் முகம் கொடுக்க மாட்டார்கள். சரி என்றால் அவர்கள் பெயரையும் தேதியையும் வாங்கிக்கொண்டு ஆலோசகரிடம் வா, காகிதம் அவர் போடுவார். கையெழுத்து ஆவதற்கு முன்னால் ஒரு நாள்கூட வேலையில் நிற்காதே.