போர்ச்சுகல் கரையோரம் தனியாகத் தெற்கே: எங்கே ஒதுங்குவது?

கேள்வி:
செப்டம்பரில் ஸ்பெயினின் வீகோவிலிருந்து போர்ச்சுகலின் தென்கரையிலுள்ள லாகோஸ் வரை என் சிறிய பாய்மரப் படகில் தனியாகப் போகிறேன். இரவு ஓட்டம் வேண்டாம். தூக்கக் கண்களோடு மீன்பொறி மிதவைகளுக்கு நடுவே போக மனம் ஒப்பவில்லை. எந்தத் துறைமுகங்களை நம்பலாம்?

பதில்:
நசாரேயை நம்புங்கள். ராட்சத அலைகளுக்குப் பெயர்போன ஊர் என்று பயப்பட வேண்டாம். அந்த அலைகள் எழுவது முனைக்கு வடக்கே. கடலடிப் பள்ளத்தாக்கு துறைமுக வாயிலருகே வரை வருவதால், மற்ற இடங்கள் மூடும்போதும் பெரும்பாலும் நுழையலாம். வடக்கே உள்ள ஃபிகேரா துறைமுகத்தின் முகத்துவாரம் அப்படியல்ல, அலை எழுந்தால் மூடிவிடுவார்கள். வடக்குக் காற்று பிற்பகலில்தான் வலுக்கும். விடியலில் கிளம்பி மதியத்துக்குள் கட்டிவிடுங்கள்.

இன்னொரு பதில்:
ஓர்காக்களை (கொலைத் திமிங்கலங்களை) மறக்காதீர்கள். 2020 முதல் இந்தக் கடலில் படகுகளின் சுக்கானை உடைக்கின்றன. வந்தால் நிற்காமல் இயந்திரத்தைப் போட்டு ஆழம் குறைந்த பக்கம் ஓடுங்கள். மிதவைகள் அங்கேதான் அதிகம், ஆகவே பகலில் மட்டும் போவது என்ற உங்கள் முடிவு மிகச் சரி.

கேட்டவர்:
நன்றி! போர்ச்சுகலின் தென்மேற்கு மூலையில், சாவ் விசென்டே முனையில்?

பதில்:
பாயைச் சுருக்கியே சுற்றுங்கள். பாறைச் சுவரிலிருந்து காற்று அறைந்து இறங்கும். சற்றுத் தள்ளி, சாக்ரெஸ் ஊர் அருகே பலேயிரா விரிகுடாவில் நங்கூரமிடலாம். வடக்குக் காற்றுக்கு நல்ல மறைவு.