திரையே இல்லாத பல்புக்கு வைஃபை கடவுச்சொல் எப்படித் தெரிகிறது?

காவேரிப்பட்டினத்தாள்:
வணக்கம். அம்மா காவேரிப்பட்டினத்தில் தனியாக இருக்கிறார். முழங்கால் வலி, இருட்டியதும் வாசல் விளக்கைப் போட எழுந்து போவதே பெரும்பாடு. ஓசூரில் இருந்தபடியே நான் போடலாம் என்று ஒரு ஸ்மார்ட் பல்பு வாங்கி மாட்டினேன். அது விடாமல் சிமிட்டுகிறது. செயலியோ பாதியில் நின்று "இணைக்க முடியவில்லை" என்கிறது. அதே வைஃபையில் என் போன் நன்றாக வேலை செய்கிறது. சரிசெய்தால் மட்டும் போதாது, உள்ளே நடப்பது எனக்குப் புரியவேண்டும். நான் அருகில் இல்லாத நாளில் அம்மா தவிக்கக் கூடாது.

தர்மபுரி வயர்மேன்:
நல்ல கேள்வி, அம்மா. பல்புக்குள் நகம் அளவே ஒரு சிப் இருக்கிறது. பெரும்பாலும் அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டுமே தெரியும். உங்கள் போன் 5 கிகாஹெர்ட்ஸையும் பிடிக்கும். ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் 5-இல் போய் உட்கார்ந்துகொள்ளும், பல்பு 2.4-இல் காத்திருக்கும். உங்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி கடவுச்சொல். பல வகைப் பல்புகளில் வேகமான சிமிட்டலுக்கு ஒரு பொருள், மெதுவான சிமிட்டலுக்கு வேறு பொருள். வேகமாகச் சிமிட்டும்போது, வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் சுமந்து போன் காற்றில் அனுப்பும் தகவலை அது ஒட்டுக்கேட்கிறது. மெதுவாகச் சிமிட்டினால் பல்பே தற்காலிகமாக ஒரு சிறு வைஃபையை உண்டாக்கியிருக்கிறது. போன் அதில் சேர்ந்து, வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒப்படைக்கும். பல்பு அவற்றைத் தன் நினைவகத்தில் எழுதிக்கொண்டு, தன் வைஃபையை மூடிவிட்டு ரவுட்டரிடம் போகும். ரவுட்டர் அதற்கு ஓர் ஐபி முகவரி, அதாவது வீட்டு வைஃபையில் அதை அடையாளம் காட்டும் எண், கொடுக்கும். புதியவற்றில் இந்த ஒப்படைப்பு புளூடூத் வழியாக நடக்கிறது.

ரவுட்டர் அமைப்பில் 2.4-க்குத் தனிப்பெயர் வையுங்கள். வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு வகை, புதியதான டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பழைய வகையான டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். பழைய சிப்புகளுக்கு 3 தெரியாது. போனையும் அந்தப் பெயரில் சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பாலக்கோடு வாசகன்:
சகோதரி, இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஓசூரில் நீங்கள் பொத்தானை அழுத்தினால் கட்டளை நேரே வீட்டுக்குப் போவதில்லை. பல்பு எப்போதும், அதைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வரோடு, அதாவது இணையத்திலுள்ள அவர்களின் கணினியோடு, தொடர்பில் இருக்கும். உங்கள் கட்டளை அங்கே போய், அந்த வழியாகப் பல்புக்கு வரும். வீட்டில் இணையம் நின்றால் ஓசூரிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. மின்சாரம் போய் வந்தால் கவலை வேண்டாம். கடவுச்சொல் அழியாது, ரவுட்டர் எழும்வரை பல்பு முயன்றுகொண்டே இருக்கும்.

தர்மபுரி வயர்மேன்:
சரியாகச் சொன்னார். ஆனால் என் மனம் சுவரிலுள்ள சுவிட்சிடம்தான் போகிறது. பெரியவர்கள் பழக்கத்தில் அதை அணைத்துவிடுவார்கள். அப்போது பல்புக்கு மின்சாரமே கிடையாது, எந்தச் செயலியாலும் எழுப்ப முடியாது. ஸ்மார்ட் பல்புக்குப் பதில், சாதாரண பல்பே இருக்கட்டும். சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் ஒரு ஸ்மார்ட் ரிலே, அதாவது வைஃபையில் இயங்கும் சிறு சுவிட்ச், வையுங்கள். அம்மா கையாலும் போடலாம், நீங்கள் போனிலும் போடலாம். அதற்கு நியூட்ரல் வயர், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, வேண்டும். போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரல் அங்கேயே இருக்கும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனே செய்யட்டும்.

காவேரிப்பட்டினத்தாள்:
2.4-க்குத் தனிப்பெயர் வைத்ததும் பல்பு உடனே சேர்ந்துகொண்டது. மிக்க நன்றி, ஐயா. சுவிட்சைப் பற்றி நீங்கள் சொன்னதும் உண்மைதான். படுக்கப் போகும்போது அம்மா எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார். வாசல் விளக்கின் போர்டில் பிளக் பாயின்ட் இருக்கிறது, ரிலே வாங்கப் போகிறேன். பல்பு பின்கட்டுக்குப் போகட்டும்.