கார்க் எழும்பிய போர்தோ: மீதியை வைத்திருக்கலாமா?

வணக்கம். பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். என்னிடம் உள்ளது பிரான்சின் போர்தோ பகுதியில் உள்ள போயாக் என்ற ஊரின் 2010ஆம் ஆண்டு சிவப்பு ஒயின், ஒரு பெட்டி, 750 மில்லி பாட்டில்கள். 2011இல், ஒயின் பீப்பாயில் இருந்தபோதே பணம் கட்டி வாங்கியது. பாதியை விற்றுவிட்டு மீதியை வீட்டில் எல்லோருமாகக் குடிக்க ஆசை.

எங்கள் கட்டட நிலவறையில் எப்போதும் 13 டிகிரிதான் இருக்கும். போன குளிர்காலத்தில் வெந்நீர்க் குழாயை அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் 26 டிகிரி! மூன்று பாட்டில்களில் கார்க் எழும்பி மேலுறையை முட்டுகிறது. உறையைத் திருகினால் சுற்றவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளிம்பில் பிசுபிசுவென்று கருஞ்சிவப்புக் கோடு. ஒயின் மட்டம் மட்டும் இன்னும் கழுத்தில்தான் நிற்கிறது.

எல்லாவற்றையும் ஒயின் குளிர்பெட்டிக்கு மாற்றிவிட்டேன். கசிந்ததில் ஒன்றைத் திறந்தும் பார்த்தேன். பழ வாசனை மங்கி, ஜாம் காய்ச்சியது மாதிரி ஒரு மணம். குடிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மறுநாள் மிச்சமிருந்த ஒயினில் உயிரே இல்லை. வாங்கிய கடையில் கேட்டால், திறக்காமல் சொல்ல முடியாது என்கிறார்கள். ஏலத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை, வாங்குகிறவர் பாவம்.

கார்க் எழும்பாத பாட்டில்களை இன்னும் ஐந்து வருடம் வைக்கலாமா, இல்லை இப்போதே குடித்து முடித்துவிட வேண்டுமா?