மாமரத்தடியில் திப்பிலி: ஓரம் பச்சை, நடுவில் மொட்டை. என்ன செய்யலாம்?

கேட்டவர், திருச்சி (ஏப்ரல் கடைசி)

வணக்கம். எங்கள் வீட்டின் வடக்குப் பக்கத்தில் 20 வயது மாமரம் ஒன்று இருக்கிறது. கிளை விரிப்பு குறுக்காக 18 அடி இருக்கும். அடியில் வெயில் விழுவதே அபூர்வம். காலையில் மதில் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து வரும், அவ்வளவுதான். முதலில் கொரியன் புல் பதித்தோம், ஆறு மாதத்தில் போய்விட்டது. அப்புறம் வெறும் மண்ணாகவே கிடந்தது. மழை பெய்தால் சேறு திண்ணை வரை தெறிக்கும்.

அதனால் வருடம் முழுக்கப் பச்சையாக, தரையோடு படர்கிற செடியாகத் தேடினோம். அம்மாவுக்குத் திப்பிலி மேல் ஆசை. சளி பிடித்தால் ரசத்தில் போட வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். நர்சரியிலும் "நிழலில் நன்றாக வரும்" என்றார்கள். போன ஐப்பசியில் 60 பை நாற்று வாங்கி 2 அடி இடைவெளியில் நட்டேன்.

மார்கழி வரை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. தை பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. அடிமரத்தைச் சுற்றி 5 அடிக்கு ஒவ்வொன்றாக வாடிப் போயின. மாசியில் அந்த இடத்தில் புதிதாக 15 நாற்று வைத்தேன், அவையும் காய்ந்தன. கிளை முடிகிற ஓரத்தில் இருப்பவை மட்டும் உயிரோடு நிற்கின்றன. அவற்றிலும் இலை ஓரம் பழுப்பாகக் கருகுகிறது. மாசி, பங்குனியில் இலை மேல் பிசுபிசுப்பும் கரி பூசியது போன்ற கறுப்பும் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் பத்து நிமிடம் தெளிக்கிறேன். போர் தண்ணீர்தான்.

அரை அடி செம்மண் கொட்டி மறுபடி நடச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். இன்னொருவர் வெடேலியா (மஞ்சள் பூவோடு தரையில் படரும் அழகுச்செடி) போடு, எங்கேயும் வரும் என்கிறார். அம்மா தினமும் அந்த மொட்டைத் தரையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறார். வழி சொல்லுங்கள்.

பதில், கோயம்புத்தூர்

சார், மண் எதுவும் கொட்டாதீர்கள். முதலில் மூன்று காரியம் செய்து பாருங்கள்.

மொட்டையான இடத்தில் வழக்கம் போலத் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கொத்துக் கரண்டியால் முக்கால் அடி தோண்டிப் பாருங்கள். ஈரம் எதுவரை போயிருக்கிறது, உள்ளே என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள். குடிநீர் வடிகட்டி பழுது பார்ப்பவரிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், போர் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். கோடை மழை பெய்தால் ஒரே மாதிரியான மூன்று டப்பாக்களை எடுத்து, ஒன்றை வெட்டவெளியிலும், ஒன்றைக் கிளை ஓரத்திலும், ஒன்றை அடிமரத்துக்குப் பக்கத்திலும் வையுங்கள்.

கறுப்புக்குக் காரணம் எனக்கு இப்போதே தெரிகிறது. நோய் உங்கள் திப்பிலிக்கு வந்ததல்ல. மா பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி பூங்கொத்தில் சாறு உறிஞ்சிவிட்டு, தேன் மாதிரி கழிவை விடும். அது கீழே இருக்கிற இலையில் சொட்டும். அதன் மேல் வளர்வதுதான் கரும்பூசணம். இலைக்குள் அது இறங்காது. ஆனால் வெளிச்சத்தை மறைக்கும், ஏற்கெனவே வெளிச்சம் குறைந்த இடத்தில் அது பெரிய இழப்பு. மைதாக் கஞ்சி போதும். 1 கிலோ மாவை 5 லிட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறியதும் 20 லிட்டராக்கி, நல்ல வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்து ஏடாக உரியும்போது கறுப்பும் சேர்ந்து வந்துவிடும். உங்கள் இடத்துக்கு அதில் கால் பங்கே தாராளம்.

பதில், சென்னை

மணி பிளான்ட் வெட்டிப் போடுங்கள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மரத்தடி முழுவதும் அதுதான். ஒரு செலவும் இல்லை.

பதில், நாகர்கோவில்

தம்பி, மணி பிளான்ட் வரும்தான். ஆனால் மரம் பக்கத்தில் இருந்தால் அது தரையில் தங்காது. தரையில் ஓடும்வரை இலை சின்னதாக இருக்கும், மரத்தில் ஏறியதும் முறம் மாதிரி விரியும். பிறகு மாமரத்தில் ஏறி மாங்காய் பறிப்பது சிரமம். குழந்தையோ நாயோ கடித்தால் வாய் எரியும், வீங்கும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தென்னந்தோப்பில் திப்பிலி ரொம்ப வருடமாக இருக்கிறது. தென்னை நிழலும் மா நிழலும் ஒன்றல்ல. தென்னோலை வழியாக வெயில் புள்ளி புள்ளியாக விழுந்து நகர்ந்துகொண்டே இருக்கும். திப்பிலிக்கு அந்தக் கால்வாசி, அரைவாசி நிழல்தான் பிடிக்கும். மா குடை பிடித்த மாதிரி மூடிவிடும். கீழ்க்கிளை இரண்டு மூன்றை, காய் பறித்த பிறகு, தாழ்வாகத் தொங்குவதை மட்டும் கழியுங்கள். மரத்துக்கும் காற்றோட்டம் நல்லது.

இன்னொன்று கேட்கிறேன். விழுகிற மாவிலையை என்ன செய்கிறீர்கள்? கூட்டுகிறீர்களா, அப்படியே விடுகிறீர்களா?

கேட்டவர், திருச்சி (மே)

இலையைக் கூட்டுவதில்லை அக்கா. மண்ணுக்கு உரம் என்று விட்டுவிட்டேன். மூன்று விரல் கனம் சேர்ந்திருக்கிறது.

கோவை சார் சொன்னபடி தோண்டினேன். மனசு கஷ்டமாகிவிட்டது. மேலே இரண்டு விரல்கடை மட்டும் ஈரம். அதற்குக் கீழே பவுடர் மாதிரி மண். அந்த ஈரமான இரண்டு விரல்கடையிலும் தலைமுடி மாதிரி மாவேர் வலை பின்னிக் கிடந்தது. நான் ஊற்றியதை யார் குடித்தார்கள் என்று புரிந்தது. டி.டி.எஸ். 1,350. வெள்ளிக்கிழமை கோடை மழை பெய்தது. வெளியே வைத்த டப்பாவில் 22 மி.மீ., கிளை ஓரத்தில் 19, அடிமரத்துக்குப் பக்கத்தில் 9 மட்டுமே.

பதில், கோயம்புத்தூர்

அந்த 9-தான் உங்கள் கேள்விக்குப் பதில். நிழல் இருந்தாலே குளுமையும் ஈரமும் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அடர்ந்த மரத்தடியில் அப்படி இல்லை. மழையில் பாதியை இலைக்கூட்டமே பிடித்துக்கொள்கிறது. இறங்கிய பாதிக்கும் வேர் காத்திருக்கிறது. நர்சரிக்காரர் சொன்ன நிழல் வேறு, உங்கள் வீட்டு நிழல் வேறு. இது வறண்ட நிழல். இங்கே செடி தேர்ந்தெடுக்க வேண்டியது வெளிச்சத்தை வைத்து மட்டுமில்லை, தாகத்தையும் வைத்து.

தண்ணீரை அடிக்கடி கொஞ்சமாகத் தெளிப்பது வேரை மேலேயே வைத்திருக்கிறது. ஓரத்துச் செடிகளுக்கு வாரம் இரண்டு முறை, மெதுவாக, முக்கால் அடி இறங்கும் வரை விடுங்கள். சொட்டுக் குழாய் ஒரு வரிசை போட்டால் இன்னும் நல்லது, இலை மேல் உப்புத் தண்ணீர் படாது. பாசனத் தண்ணீரில் டி.டி.எஸ். 450-க்குள் இருந்தால் கவலையே இல்லை, 2,000 தாண்டினால் பெரும்பாலான செடிக்கு ஆகாது. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அது ஆவியாகி, உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கி இலை ஓரம் கருகியிருக்கும் என்று நினைக்கிறேன். மாடியில் விழும் மழைநீரைக் குழாய் போட்டு அந்தப் பக்கம் திருப்ப முடிந்தால் உப்பைக் கழுவிவிடும்.

செம்மண் கொட்டக் கூடாது என்று சொன்னதற்குக் காரணம், மாவின் உணவு உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணில்தான் அதிகம். அரை அடி மண் மூடினால் அவற்றுக்குக் காற்று கிடைக்காது. அடிமரத்தை ஒட்டி மண் ஏறினால் பட்டை அழுகும். மக்கிய எரு ஒரு அங்குலம் தூவலாம், அதுவும் மரத்திலிருந்து ஒரு அடி தள்ளி. கடப்பாரை போட்டுப் பெரிய வேரை வெட்டவும் வேண்டாம்.

இன்னும் ஒன்று முக்கியம். மரம் காய்க்க வேண்டுமா இல்லையா? பூப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் மாவுக்குத் தண்ணீர் நிறுத்துவது வழக்கம். ஈரம் இருந்துகொண்டே இருந்தால் பூவுக்குப் பதிலாகத் தளிர் விடும். ஐப்பசி, கார்த்திகை மழையை நாம் தடுக்க முடியாது. அதற்குப் பிறகும் மரத்தடி முழுவதும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் மாங்காயை மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே நடு வட்டத்தில் தண்ணீர் கேட்காத செடிதான் சரி.

பதில், நாகர்கோவில்

இலைக் குவியலும் ஒரு காரணம் தம்பி. திப்பிலி எப்படிப் பரவும் என்று பாருங்கள். கொடி தரையில் ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும். அந்தக் கணு மண்ணைத் தொட வேண்டும். காய்ந்த மாவிலை மேல் ஓடினால் வேர் எங்கே இறங்கும்? தாய்ச்செடி ஒன்றே அத்தனை நீளக் கொடிக்கும் தண்ணீர் அனுப்ப முடியாமல் திணறும். இலையை வாரி ஒரு மூலையில் மக்க வைத்து, பொடியானதும் திருப்பிப் போடுங்கள். ஓரத்துக் கொடிகளை உள்பக்கமாக இழுத்து, கணு மேல் ஒரு கைப்பிடி எருமண் வைத்து, கல்லால் அமுக்கிவிடுங்கள். காசு கொடுத்து நாற்று வாங்க வேண்டாம்.

இப்போது எதுவும் நடாதீர்கள். சித்திரை வெயிலும் ஆடிக் காற்றும் போகட்டும். ஆவணிக் கடைசியில் மழை பிடித்ததும் மூன்று கணு உள்ள துண்டாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி வையுங்கள்.

நடு வட்டத்துக்கு நான் மருள் வைப்பேன். நம் ஊர்க் காடுகளில் தானாக வளர்வது, கத்தி மாதிரி இலை, மேலே கோடு கோடாக இருக்கும். கிழங்கு விட்டு மெதுவாகப் பரவும். நிழல், வறட்சி இரண்டையும் தாங்கும். படராது, நிற்கும். ஆனால் வருடம் முழுக்கப் பச்சை. அதன் நடுவே ரோயோ என்ற அழகுச்செடியை வைத்தால் இலையின் அடிப்புற ஊதா நிறம் இருண்ட இடத்தில் நன்றாகத் தெரியும்.

பதில், தஞ்சாவூர்

வெடேலியா பற்றி யாரும் சொல்லவில்லையே. தயவுசெய்து வேண்டாம். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் என்று சர்வதேச அளவில் தொகுத்த பட்டியலில் அது இருக்கிறது. எங்கள் வாய்க்கால் கரையில் வீட்டுக் குப்பையோடு வந்து விழுந்த ஒரு துண்டு இன்று ஒரு பர்லாங்குக்குப் பரவிக் கிடக்கிறது. நிழலில் பூவும் சரியாக வராது, தண்டுதான் நீளும்.

அதைவிட எனக்குப் பயம் வேறு. இதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துச் சமைக்கிறார்கள். வெடேலியா இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். கரிசலாங்கண்ணி இலை பிரியாமல் நீளமாக இருக்கும். அம்மா மூலிகை விரும்புபவர் என்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

கேட்டவர், திருச்சி (நவம்பர்)

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஜூனில் காய் பறித்த பிறகு தாழ்ந்த கிளை இரண்டைக் கழித்தோம். மாவிலையை வாரி மூலையில் குவித்தேன். செப்டம்பரில் நல்ல மழை. ஓரத்துக் கொடிகளை உள்ளே இழுத்து 40 கணுவை மண் வைத்து அமுக்கினேன். 31 வேர் பிடித்திருக்கிறது. கோடையில் தவறவிட்டது ஒன்று உண்டு. பத்து நாள் வெளியூர் போயிருந்தேன், மேற்கு ஓரத்தில் ஐந்தாறு செடி போய்விட்டது. அங்கே இப்போது சொட்டுக் குழாய் போட்டாகிவிட்டது.

அடிமரத்தைச் சுற்றி, ஒரு அடி விட்டு, மருள் 24 வைத்தேன். சித்தப்பா ஊரில் வேலி ஓரத்தில் நிறைய இருந்தது, அங்கிருந்தே எடுத்து வந்தோம். நான்கு மாதத்தில் பெரிதாக வளரவில்லை, ஆனால் ஒன்றுகூடக் காயவில்லை. மருளுக்கும் திப்பிலிக்கும் நடுவில் இன்னும் ஒன்றரை அடி வளையம் மொட்டையாக இருக்கிறது. இந்த மழையில் சேறு திண்ணைக்கு வரவில்லை.

போன வாரம் ஓரத்தில் கதிர் வந்திருக்கிறது. அம்மா கைப்பேசியில் படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினார். ஒரு சந்தேகம். சில செடியில் கதிர் குட்டையாகத் தடித்து நிற்கிறது, சிலவற்றில் நீளமாக மெலிந்து கொட்டிவிடுகிறது. சத்துக் குறைவா?

பதில், நாகர்கோவில்

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. சத்துக் குறைவு இல்லை. திப்பிலியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. நீளமாக மெலிந்து கொட்டுவது ஆண். தரை மூட அதுவும் உதவும், இருக்கட்டும். குட்டைக் கதிர் வரும் கொடியில் ஒரு நூல் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள அந்த ஒன்றரை அடி வளையத்துக்கு அதிலிருந்தே துண்டு வெட்டுங்கள்.

கதிர் பச்சையிலிருந்து கருமை தட்டும்போது, கையில் நெருடினால் கெட்டியாக இருக்கையிலேயே பறிக்க வேண்டும். பழுக்க விட்டால் காரம் குறைந்துவிடும். நல்ல வெயிலில் நாலைந்து நாள் காய வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போடச் சொல்லுங்கள். மூன்று வருடம் கழிந்த பழைய கொடியின் தடித்த தண்டையும் வேரையும் எறிய வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கண்டந்திப்பிலி அதுதான்.