புதுப்பிப்பு: 100 கணக்கோடு நின்றுபோன டிஎஸ்குவரி

எட்டு வாரமாக லாகின் ஆகாத ஆக்டிவ் டைரக்டரி (அலுவலக விண்டோஸ் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் அமைப்பு) கணக்குகளை டிஎஸ்குவரி என்ற தேடல் கட்டளையில் தேடி, கணக்குகளை மாற்றும் டிஎஸ்மாடு கட்டளைக்கு பைப் செய்து (முடிவை நேரே அனுப்பி) முடக்கினால் 100-உடன் நின்றுவிடுகிறது, மறுபடி ஓட்டினாலும் அதே 100தான் வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது. டிஎஸ்குவரி இயல்பாக 100 முடிவுகள்தான் தரும். ‘-லிமிட் 0’ (வரம்பு வேண்டாம் என்று பொருள்) சேர்த்ததும் மொத்தமும் வந்தது.

அப்புறம், இந்த முறை நேரே முடக்காமல் பட்டியலை டெக்ஸ்ட் கோப்பில் எடுத்து வரிவரியாகப் படித்தேன். நடுவில் மகப்பேறு விடுப்பில் இருக்கும் சக ஊழியரின் கணக்கு! திரும்பி வரும் முதல் நாளே உள்ளே நுழைய முடியாமல் தவித்திருப்பார். பைப் போடும் முன் தயவுசெய்து பட்டியலைப் பாருங்கள்.

லாகின் ஆகாத காலத்தை ஒரு வாரம் என்றெல்லாம் கொடுக்காதீர்கள். டிஎஸ்குவரி பார்க்கும் கடைசி லாகின் நேரமுத்திரை 14 நாள் வரை பின்தங்கியிருக்கலாம். நேற்று வேலை பார்த்தவரும் சிக்கிவிடுவார்.