சிசேரியன் அன்று புருஷனுக்கு என்ன வேலை?

வாடிப்பட்டிக்காரன்:

வணக்கம். மனைவிக்கு முதல் பிரசவம், 38 வாரம் ஆகிறது. குழந்தைக்குத் தலை இன்னும் கீழே திரும்பவில்லை, உட்கார்ந்த வாக்கிலேயே இருக்கிறது. சிசேரியன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 39 வாரம் முடியட்டும் என்று அவர் கொடுத்த தேதி, சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்து வருகிறது. ஆஸ்பத்திரி மதுரையில், கோரிப்பாளையம் பக்கம். ‘சித்திரை அப்பன் தெருவிலே’ என்று சொல்லிக்கொண்டு மாமனார் பங்குனிக்குள் எடுத்துவிடச் சொல்கிறார். ஜோசியரிடம் நேரமும் குறித்து வாங்கி வந்துவிட்டார். தெருவுக்கு வரப்போகிறவன் நான், எனக்கே அந்தப் பயம் இல்லை.

என் கவலை வேறு. தியேட்டருக்குள் என்னை விடமாட்டார்களாம். மாமியார், “ஆம்பளைக்கு அங்கன என்ன வேலை, நாங்க பாத்துக்கிறோம்” என்கிறார். அவளோ ராத்திரியில் எழுப்பி “நீங்க இருப்பீங்கல்ல?” என்று கேட்கிறாள். இருப்பேன். இருந்து என்ன செய்வது? பணம் கட்டுவதும் மருந்துச் சீட்டோடு ஓடுவதும் தவிர எனக்கு ஏதாவது வேலை உண்டா?

குட்டியானை:

தம்பி, நான் மாட்டுத்தாவணியில் லோடு வண்டி ஓட்டுகிறவன். இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சிசேரியன். மூத்தவன் பிறக்கும்போது பதினான்கு மணி நேரம் வலியில் கிடந்தாள். குழந்தைக்குத் துடிப்பு குறைகிறது என்று நடுராத்திரியில் அவசரமாக எடுத்தார்கள். இளையவள் தேதி சொல்லி எடுத்தது. முதல் தடவை முட்டாள்தனமாக நடந்துகொண்டதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். ‘உயிருக்கு ஆபத்து நேரிட்டால்’ என்று ஒரு வரி இருக்கும். நான் பேனாவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். சாதாரண குடல்வால் ஆபரேஷனுக்கும் அப்படித்தான் எழுதி வாங்குவார்கள் என்று அப்போது தெரியாது. நீங்கள் முதல் நாளே கேட்டு வாங்கி, அவளோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

அடுத்தது நகை. உள்ளே கரண்ட் வைத்து ரத்தக்குழாயை அடைக்கிற கருவி உண்டு, அதனால் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. வளையல், தோடு எல்லாம் கழன்று வந்துவிட்டன. கால் வீங்கிப் போயிருந்ததால் மெட்டி மட்டும் வரவில்லை. நான்தான் தரையில் உட்கார்ந்து, சோப்புத் தண்ணீர் விட்டு, நூலைச் சுற்றிப் பையப் பையக் கழற்றினேன். தாலியைக் கழற்றும்போது என் மாமியார் ஒரு பாட்டம் அழுதார். எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நீங்கள் மெட்டியை வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள்.

அப்புறம் அந்தக் காத்திருப்பு. கத்தி வைத்துப் பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் குழந்தை வெளியே வந்துவிடும். நர்ஸ் கொண்டுவந்து காட்டுவார், எல்லாரும் சிரிப்பார்கள், சாக்லேட் வாங்க ஆள் போகும். அவள் மட்டும் வரமாட்டாள். அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. ஏதோ ஆகிவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டேன். விஷயம் ஒன்றுமில்லை: கர்ப்பப்பையிலிருந்து தோல் வரை ஒவ்வொரு அடுக்காகத் தைத்து வர அவ்வளவு நேரம் ஆகும். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் கதவைத் தட்டி வசவு வாங்கியிருக்க மாட்டேன்.

உங்கள் நிஜமான வேலை அன்றைக்கு ராத்திரி ஆரம்பிக்கிறது. மரத்துப் போனது தெளிந்ததும் வலி வரும். மறுநாள் காலையில் எழுந்து நடக்கச் சொல்வார்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்க அந்த நடை அவசியம். முதல் தடவை நான் பாசமாக இரண்டு கையையும் பிடித்து நேராகத் தூக்கினேன். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து ரூம்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவை ஒரு ஆயாம்மா சொல்லிக் கொடுத்தார். முதலில் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி அவளே எழ வேண்டும். இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, தலை சுற்றவில்லை என்றால் நிற்கலாம். நாம் முன்னால் நின்று தோளைக் கொடுத்தால் போதும், இழுக்கக் கூடாது. இருமல் வந்தால் தையல் மேல் ஒரு தலையணையை அழுத்திப் பிடிக்க வேண்டும், அந்தத் தலையணையை எடுத்துக் கொடுக்கிற ஆள் நீங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் கதவு வரை பதினோரு எட்டு. பாதியில் நின்று என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வண்டி ஓட்டி வந்த சட்டை, வெங்காய வாடை. ‘கொமட்டுது, ஆனா நகராதீங்க’ என்றாள்.

நடுராத்திரியில் பேடு தேவைப்பட்டால் மெடிக்கலில் வாய்விட்டுக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். உங்கள் தேதி அழகர் வருகிற நாட்களில் விழுகிறதா பாருங்கள். அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவையன்று தல்லாகுளம் பக்கமும், ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக்கு இரண்டு கரையும் ஆளே நகர முடியாது. வாடிப்பட்டியிலிருந்து சமயநல்லூர், பரவை வரை வந்துவிடுவீர்கள், செல்லூர் தாண்டினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு நாள் முன்னாலேயே சேர்ந்துவிடுங்கள். இடையில் வலி வந்தால் யோசிக்காமல் 108.

இரவுப்பணி:

நான் ஸ்டாஃப் நர்ஸ். லோடு வண்டி அண்ணன் முக்கால்வாசியைச் சொல்லிவிட்டார்.

மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 39 வாரம் என்பது குழந்தையின் நுரையீரலுக்காகக் குறித்த கணக்கு. முன்னாலேயே எடுத்தால் மூச்சுத் திணறல் வர வாய்ப்பு கூடும். டாக்டர் சொன்ன நாளுக்குள் காலை, மதியம் என்று நேரம் கேட்டுப் பார்க்கலாம், நாளை முன்னுக்கு இழுக்கக் கூடாது.

பட்டினி இருக்கச் சொன்னால் பட்டினிதான். ‘வெறும் வயித்தோட எப்பிடி அனுப்புறது’ என்று விடிகாலையில் பால் காபி கொடுத்துக் கூட்டி வருகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன், ஆபரேஷன் மத்தியானத்துக்குத் தள்ளிப்போகும். மயக்க நிலையில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. காபி டம்ளரைக் காவல் காப்பதும் உங்கள் வேலைதான். நகப்பூச்சு வேண்டாம், ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற கருவி சரியாகக் காட்டாமல் போகலாம்.

அவளுக்குத் தையல் போடுகிற நேரத்தில், குழந்தை நன்றாக இருந்தால், ‘என் நெஞ்சில் போட்டுக்கொள்ளலாமா’ என்று கேளுங்கள். சட்டையைக் கழற்றி, வெறும் மார்பில் படுக்கவைத்துத் துணியால் மூடினால் குழந்தைக்குச் சூடு தங்கும். அந்த நேரத்தில்தான் யாராவது சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு வருவார்கள். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நாங்கள் சொன்னால் சண்டை. முதலில் சீம்பால்தான். சிசேரியனில் பால் நன்றாக ஊற மூன்று நான்கு நாள் ஆகலாம், அதற்குள் ‘பால் இல்லை’ என்று பேச விடாதீர்கள். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண் எழுதிய அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள்.

மரத்துப்போவதற்கு முதுகில் போடும் ஊசியால் ஆயுளுக்கும் முதுகுவலி வரும் என்பது ஊர்ப்பேச்சு. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், அவ்வளவுதான்.

மேலூர் மருமகள்:

ஆபரேஷன் செய்துகொண்டவள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஊசி போட்ட பிறகு எனக்கு உடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டது, பல் கிட்டியது. அது பலருக்கும் வருகிற நடுக்கம்தான் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் அவளிடம் சொல்லி வையுங்கள். வலி தெரியாது, ஆனால் வயிற்றுக்குள் பிடித்து இழுப்பது தெரியும், அதையும் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் பார்க்க வந்த பெரியம்மா, “நோகாம பெத்துட்ட” என்றார். எழுந்து உட்காரவே முடியாத நேரம் அது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. அந்த ஆரஞ்சு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

குட்டியானை:

அம்மா சொன்னதைத்தான் நான் எழுதாமல் விட்டிருக்கிறேன். நானும் ஆரஞ்சு உரித்தவன்தான்.

வாடிப்பட்டிக்காரன்:

குழந்தை பிறந்து பதினோரு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பெண் குழந்தை, 2.9 கிலோ. நெஞ்சில் போட்டுக்கொள்ளக் கேட்டேன், கொடுத்தார்கள். இருபது நிமிடம் கையைக் காலை அசைக்கவே பயந்து உட்கார்ந்திருந்தேன். வெளியே இருந்தவர்களுக்குத் தையல் கணக்கை நான்தான் விளக்கினேன்.

நான்காம் நாள் என் சித்தி, “நார்மலுக்கு இன்னும் கொஞ்சம் பாத்திருக்கலாம்” என்று ஆரம்பித்தார். “உக்காந்த புள்ளைய எப்பிடிச் சித்தி பாக்குறது, நீங்க காபி குடிங்க” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. உள்ளேயிருந்து அவள் தலையணையை அழுத்திக்கொண்டு சிரிப்பை அடக்கியது கேட்டது.

பெண் என்றதும் மாமனார் சித்திரையை விட்டுவிட்டார், மீனாட்சி கல்யாண மாசத்துப் பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்கிறார். கால் வீக்கம் இன்னும் முழுக்க வடியவில்லை. மெட்டி என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.